ஒன்றும் செய்யாத பெட்டி: கிட்டார் பெடல்களிலும் ஆம்ப் சுவிட்சர்களிலும் சிக்னலும் இரைச்சலும்

எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே தரையில் வரிசையாக வைக்கப்படும் பெட்டிகளைப் பழுதுபார்ப்பதையும் கட்டித் தருவதையும் தொழிலாகக் கொண்டவர்கள், அவற்றை இரண்டு வகையாகப் பிரித்தே பார்க்கிறார்கள். ஓவர்டிரைவ், ஃபஸ், கோரஸ், டிலே போன்றவை ஒலியை வேண்டுமென்றே மாற்றுபவை. அவற்றில் சிறிது இரைச்சல் கூடினாலும் அதையும் அந்தப் பெட்டியின் குணத்தோடு சேர்த்து வாசிப்பவர் பொறுத்துக்கொள்வார். பைபாஸ் சுவிட்ச், பஃபர், சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், ஒரே கிட்டாரை வெவ்வேறு ஆம்புகளுக்கு மாற்றிவிடும் சுவிட்சர் ஆகியவையோ வந்ததை வந்தபடியே கடத்துவதற்கென்று இருப்பவை. ஆதலால் அவற்றில் நேரும் மிகச் சிறிய குறையும் குறையாகவே காதில் விழுகிறது. பணிமேசைக்கு வரும் இரைச்சல் புகார்களை ஆராய்ந்தால், அவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பெட்டியையோ, முதல் வகைப் பெட்டி அணைக்கப்பட்டுச் சும்மா இருக்கும் நிலையையோ சார்ந்தவையாக இருக்கும். ஒலியை மாற்றும் சுற்றுகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, மாற்றாமல் கடத்தும் சுற்றுகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது இத்தொழிலின் விசித்திரங்களில் ஒன்று.

சிக்னல் பிறக்கும் இடத்தின் இயல்பை அறிந்தால்தான் பின்னால் வரும் சிக்கல்கள் விளங்கும். பிக்கப் என்பது காந்தத்தின்மீது, சுமார் 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிச் செய்த சுருள். அதன்மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறிச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அது சாதாரண வாசிப்பில் சில பத்து மில்லிவோல்ட்டிலிருந்து சில நூறு மில்லிவோல்ட் வரை இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்பை மல்டிமீட்டரில் அளந்தால் 6 முதல் 8 கிலோ ஓம் காட்டும். இதை மட்டும் பார்த்து இது எளிய மூலம் என்று முடிவு கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். அத்தனை சுற்றுகள் கொண்ட சுருளின் மின்தூண்டல் 2 முதல் 5 ஹென்றி வரை இருப்பதால், அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, சுரத்தின் அதிர்வெண் ஏற ஏறக் கூடி, உச்சத்தில் 100 கிலோ ஓமைத் தாண்டிவிடுகிறது. இப்படிப்பட்ட மூலத்தின்மீது எதைத் தொங்கவிட்டாலும் அது ஒலியைத் தொடவே செய்யும். ஆம்பின் நுழைவாயில் 1 மெகா ஓம் அளவுக்கு உயர்வாக வைக்கப்படுவதன் காரணமும் இதுதான்.

கேபிளும் இந்தக் கணக்கில் சேர்கிறது. உலோகப் பின்னல் போர்த்திய கிட்டார் கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கொண்ட மின்தேக்கியாக நடந்துகொள்கிறது. சுருளின் தூண்டலும் இந்த மின்தேக்கமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்கின்றன. கிட்டாரின் பளிச்சென்ற தன்மை பெரும்பாலும் அந்த ஒத்ததிர்வின் கொடைதான். 2.5 ஹென்றி பிக்கப்புக்கு 6 மீட்டர் கேபிள் என்று வைத்து, ஜாக்குகளிலும் உள் கம்பிகளிலும் உள்ள சிற்றளவையும் சேர்த்து 700 பிக்கோஃபாரட் என்று கொண்டால், ஒத்ததிர்வு ஏறத்தாழ 3,800 ஹெர்ட்ஸில் அமைகிறது. கிட்டாரிலிருந்து பெடல் வரிசைக்கு ஒரு கேபிள், அங்கிருந்து மேடையின் பின்புறத்து ஆம்புக்கு இன்னொன்று என்று மொத்தம் 15 மீட்டர் ஆகிவிட்டால் மின்தேக்கம் 1,600 பிக்கோஃபாரட்டாக, ஒத்ததிர்வு 2,500 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பெடல்கள் அனைத்தும் அணைந்திருந்தும் ஒலி மந்தமாகிவிட்டது என்று வாசிப்பவர் சொன்னால், அவர் சொல்வது கற்பனையல்ல, கணக்கில் அகப்படும் உண்மை.

அதே சுருள் தந்தியின் அதிர்வை மட்டுமின்றிச் சுற்றியுள்ள மின்சார வயரிங்கின் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அது 50 ஹெர்ட்ஸ் ஆகவும் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் ஆகவும் அடித்தொண்டை முனகலாகக் கேட்கும். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955இல் விண்ணப்பித்து 1959இல் காப்புரிமை பெற்ற ஹம்பக்கர் பிக்கப், எதிரெதிர்க் காந்தத் துருவங்களோடு எதிரெதிராக இணைத்த இரு சுருள்களைக் கொண்டது. தந்தியின் சிக்னல் இரண்டிலும் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஆனால் இது காந்தப்புலத்தால் வரும் முனகலுக்கு மட்டுமே மருந்து. மின்புலத்தால் ஒட்டிக்கொள்ளும் கரகரப்புக்கு உலோகத் தடுப்பு வேண்டும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, அனுபவமுள்ளவர்கள் கருவி எதையும் எடுக்குமுன் சில சோதனைகளைச் செய்து பார்ப்பார்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால், வாசிப்பவரின் உடல் திரட்டித் தந்த மின்புல இரைச்சல் அது. கிட்டாரின் குழிகளுக்குச் செம்புத் தகடோ மின்கடத்தும் பெயின்ட்டோ போட்டுத் தடுப்பை முழுமையாக்க வேண்டும். நின்ற இடத்திலேயே கிட்டாரைத் திருப்பத் திருப்ப இரைச்சல் ஏறி இறங்கினால், அருகில் ஏதோவொரு மின்மாற்றியோ பழைய குழல்விளக்குச் சோக்கோ இருக்கிறது. கிட்டாரின் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் கிட்டாருக்கு அதில் பங்கில்லை. கேபிளுக்கு அடுத்துள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

பைபாஸ் என்பது பெடலின் சுற்றை விலக்கிவிட்டுச் சிக்னலை நேரே அனுப்பும் ஏற்பாடு. பழைய கிரை பேபி வா பெடல்களில், செலவு கருதியோ எளிமை கருதியோ, இரு நிலை கொண்ட ஒற்றைத் துருவ சுவிட்ச் மட்டுமே பொருத்தப்பட்டது. அது வெளியேறும் முனையை மட்டும் மாற்றியதே தவிர, சுற்றின் நுழைவாயில் எப்போதும் கிட்டாரோடு ஒட்டியே இருந்தது. அந்த நுழைவாயிலின் இம்பீடன்ஸ் 1 மெகா ஓமைவிட வெகுவாகக் குறைவு என்பதால், அணைத்துவைத்த வா பெடலும் பிக்கப்பின் ஒத்ததிர்வு உச்சியைத் தட்டையாக்கிக்கொண்டே இருந்தது. 'டோனை உறிஞ்சுகிறது' என்று வாசிப்பவர்கள் சொல்லத் தொடங்கியது இத்தகைய பெடல்களைத்தான். அதற்கு மாற்றாக வந்ததுதான் ட்ரூ பைபாஸ்: நுழைவாயிலையும் வெளிவாயிலையும் ஒருசேரத் துண்டித்து, இரு ஜாக்குகளையும் ஒரு கம்பியால் இணைப்பதுபோல் இணைத்துவிடும் முறை. ஒன்பது கால்கள் கொண்ட 3பிடிடி கால்சுவிட்சில் இரு துருவங்கள் சிக்னலுக்கும் மூன்றாவது எல்இடி விளக்குக்கும் பயன்படுகின்றன.

ட்ரூ பைபாஸ் என்ற இரு சொற்கள் பிறகு விற்பனை முத்திரையாகவே மாறிவிட்டன. ஒரு பெடலுக்கு அது சரி. ஆனால் பத்துப் பெடல்களும் ட்ரூ பைபாஸ் என்றால், அணைந்திருக்கும் அத்தனை பெட்டிகளின் ஜாக்குகளும் குறுங்கேபிள்களும் சேர்ந்து மேலே சொன்ன மின்தேக்கக் கணக்கில் ஏறிவிடும். ஏதேனும் ஒன்றை இயக்கியதும் கேபிளின் சுமை இரண்டாக உடைந்து ஒலி திடீரென மாறும். டேவிட் கில்மோர் போன்றோருக்குப் பெடல் வரிசைகளைக் கட்டித் தந்த ஆங்கிலேயர் பீட் கார்னிஷ், இந்தக் காரணத்தால்தான் ட்ரூ பைபாஸை ஏற்காமல் பஃபர்களின் பக்கம் நின்றார். பஃபர் என்பது மின்னழுத்தத்தைப் பெருக்காமல், உயர்ந்த இம்பீடன்ஸோடு சிக்னலை வாங்கித் தாழ்ந்த இம்பீடன்ஸோடு வெளியே தரும் சிறு சுற்று. 1 கிலோ ஓமுக்கும் குறைந்த இம்பீடன்ஸில் வெளிவரும் சிக்னலுக்கு 15 மீட்டர் கேபிள் ஒரு பொருட்டே அல்ல.

1977இல் பாஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு பெடல் வரிசை வேறு வழியில் சென்றது. நுழைவிலும் முடிவிலும் ஒரு டிரான்சிஸ்டர் பஃபர், நடுவே இயந்திர சுவிட்சுக்குப் பதிலாக ஜேஃபெட் என்னும் வகை டிரான்சிஸ்டர்கள், காலால் அழுத்தும்போதெல்லாம் நிலை மாறும் ஃப்ளிப்ஃப்ளாப் என்ற ஏற்பாடு இது. ஜேஃபெட்டின் கட்டுப்பாட்டு முனைக்குச் செல்லும் மின்னழுத்தம் ஒரு மின்தடையாலும் மின்தேக்கியாலும் தாமதப்படுத்தப்படுவதால், ஒரு வழி மெல்ல மூட மற்றது மெல்லத் திறக்கிறது. ஸ்பீக்கரில் டப் என்ற ஓசை எழுவதில்லை. இதற்கு விலையும் உண்டு. பெடல் அணைந்திருந்தாலும் சிக்னல் இரு பஃபர்களையும் ஒரு ஜேஃபெட்டையும் கடந்தே செல்கிறது. மின்சாரம் நின்றால் ஒலியும் நின்றுபோகும். வரிசையின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று நல்ல பஃபர் இரண்டிருந்து, நடுவில் உள்ளவை ட்ரூ பைபாஸாக இருப்பதே நெடுங்காலமாக வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் முடிவு.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் தயாரித்த ஃபஸ் ஃபேஸ், இரண்டே டிரான்சிஸ்டர்கள் கொண்ட பெடல். அதன் நுழைவாயில் இம்பீடன்ஸ் மிகத் தாழ்ந்தது. அது பிக்கப்பின் சுருளையே தன் சுற்றின் ஓர் உறுப்பாக எடுத்துக்கொண்டு வேலை செய்கிறது. கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் ஃபஸ் தெளிந்து சுத்தமான ஒலி வருவது இந்த உறவால்தான். இடையே பஃபர் ஒன்றை வைத்தால் உறவு அறுந்து ஒலி கீச்சென்று ஆகிவிடும். ஆதலால் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்கள் எந்தப் பஃபருக்கும் முன்னால், கிட்டாரை ஒட்டியே நிற்க வேண்டும்.

ட்ரூ பைபாஸ் பெடலை அழுத்தும்போது எழும் டப் ஓசையை ஆராய்வது, புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு நல்ல பாடம். பெடலின் நுழைவிலும் வெளிவாயிலிலும் நேர்மின்னழுத்தத்தைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் மின்தேக்கி ஒன்று உண்டு. 9 வோல்ட் பெடலில் சுற்றின் உட்பக்கம் பெரும்பாலும் 4.5 வோல்ட்டில் நிற்கிறது. வெளிப்பக்கம் சுவிட்சால் துண்டிக்கப்பட்டு அந்தரத்தில் இருக்கும்போது, மின்தேக்கியின் நுண்ணிய கசிவால் அந்த முனையும் மெல்ல உட்பக்கத்து மின்னழுத்தத்துக்கு ஏறிவிடுகிறது. கால் வைத்ததும் அது சிக்னல் பாதையோடு சேர்ந்து ஒரே கணத்தில் இறங்குகிறது. சில நூறு மில்லிவோல்ட்டுக்குப் பழகிய ஆம்புக்கு அது இடியாகத் தெரிகிறது. வெளிமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் அல்லது 2.2 மெகா ஓம் மின்தடை ஒன்றை வைத்துவிட்டால், கசிவு அவ்வப்போதே வடிந்துவிடும். (1 மெகா ஓம் நுழைவாயில் கொண்ட பெடலில் இன்னொரு 1 மெகா ஓமை இணையாகச் சேர்த்தால் மொத்தம் அரை மெகா ஓமாகக் குறைந்துவிடும் என்பதை நினைவில் வைத்து மதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.) அதன் பிறகும் ஓசை நிற்கவில்லையெனில் எல்இடியைச் சந்தேகிக்கலாம்: விளக்கு எரியும் கணத்தில் மின்னோட்டம் ஒரே தாவலாகத் தாவி, சிக்னலோடு பகிர்ந்துகொள்ளும் கிரவுண்டு கம்பியில் ஒரு துடிப்பை விட்டுச் செல்கிறது. விளக்குக்குத் தனிக் கம்பி போட்டு, அதன் மின்தடையை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு மின்தேக்கியை வைத்தால் அந்தத் தாவல் சரிவாகிவிடும்.

சீறல் எனப்படும் உஸ்ஸென்ற இரைச்சலின் கதை வேறு. அது எந்தத் தவறுமின்றியே பிறக்கிறது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் தாறுமாறாக அசைவதால் நுண்ணிய மின்னழுத்தம் எழுகிறது என்பதைப் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் அளந்து காட்ட, ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கோட்பாடு தந்தார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. அந்தச் சூத்திரத்தின்படி, மனிதச் செவி கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், 10 கிலோ ஓம் மின்தடை ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட்டும் 1 மெகா ஓம் மின்தடை ஏறத்தாழ 18 மைக்ரோவோல்ட்டும் இரைச்சலைத் தருகின்றன. ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபெல், பெருக்கும் டிஸ்டார்ஷன் பெடலின் முன்னால் 18 மைக்ரோவோல்ட் நின்றால் அது 18 மில்லிவோல்ட்டாக வெளியே வரும். சிக்னலின் பாதையில் தொடராக ஒரு பெரிய மின்தடையைப் போடுவதற்கு நல்ல வடிவமைப்பாளர்கள் தயங்குவது இதனால்தான்.

முதல் பெருக்க நிலையில் சேரும் இரைச்சல் அதன்பின் வரும் ஒவ்வொரு நிலையிலும் பெருகுவதால், மொத்த இரைச்சலையும் ஏறத்தாழ அதுவே நிர்ணயிக்கிறது. ஹெரால்ட் ஃப்ரீஸ் 1944இல் வானொலி வாங்கிகளுக்காக வகுத்த இந்த விதி பெடல் வரிசைக்கும் அப்படியே பொருந்தும். பின்னால் உள்ள பெடலுக்கு விலையுயர்ந்த சிப் மாற்றிப் பயனில்லை. கிட்டாரைச் சந்திக்கும் முதல் பெட்டியைத்தான் கவனிக்க வேண்டும். சிப் தேர்விலும் ஒரு பொறி இருக்கிறது. என்இ5532 என்ற சிப் குறைந்த இரைச்சலுக்குப் பெயர் பெற்றது. ஒலிப்பதிவு மிக்சர்களில் அது பரவலாகப் பயன்பட்டது. ஆனால் அந்தப் பெயர் தாழ்ந்த இம்பீடன்ஸ் மூலங்களுக்குத்தான் செல்லும். அதன் உள்ளீட்டில் ஓடும் இரைச்சல் மின்னோட்டம் பிக்கப்பின் 100 கிலோ ஓமில் பாயும்போது மின்னழுத்தமாக மாறி, காகிதத்தில் அதைவிட இரைச்சல் மிகுந்ததாகத் தோன்றும் டிஎல்072 சிப்பைவிட மோசமாக ஒலிக்கக்கூடும். தரவுத்தாளின் முதல் வரியை மட்டும் படித்து சிப்பை மாற்றித் தருவதாக விளம்பரம் செய்பவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பழைய அனலாக் டிலே பெடல்களில் இரைச்சல் எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்ட ஒன்று. பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டரும் டீரும் 1969இல் உருவாக்கிய பக்கெட் பிரிகேட் முறையில், சிக்னலின் மாதிரிகள் வரிசையாக நிற்கும் மின்தேக்கிகள் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்கின்றன. மட்சுஷிட்டாவின் எம்என்3005 சிப்பில் 4,096 படிகள். 10 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பில் ஓட்டினால் ஏறத்தாழ 205 மில்லிவினாடி தாமதம் கிடைக்கும். தாமதத்தை நீட்டக் கடிகாரத்தை மெதுவாக்க மெதுவாக்க, அதன் துடிப்பு கீச்சொலியாகச் செவிக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடும். அதை வடிகட்டும்போது எதிரொலியின் மேல்ஸ்தாயியும் சேர்ந்து போய்விடுகிறது. அனலாக் எதிரொலியின் இதமான மங்கல் என்று இன்று போற்றப்படுவது, பெரும்பகுதி இந்த வடிகட்டியின் விளைவு.

மின்சாரம் ஊட்டும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. ஒரே 9 வோல்ட் அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குச் சங்கிலியாக மின்சாரம் கொடுக்கையில், உள்ளே கடிகாரத் துடிப்போடு இயங்கும் டிஜிட்டல் பெடல் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக இழுக்கிறது. தெருக் குழாயில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் போட்டதும் அடுத்த வீட்டில் தண்ணீர் தடுமாறுவதைப் போல், அந்த இழுப்பு பொதுவான கிரவுண்டு கம்பி வழியே பக்கத்து டிஸ்டார்ஷனில் கீச்சொலியாகக் கேட்கிறது. ஒவ்வொரு வெளிவாயிலுக்கும் மின்மாற்றியில் தனிச் சுருள் கொண்ட தனிமைப்படுத்திய சப்ளையே இதற்கு நிலையான தீர்வு. மின்னழுத்தத்தை இரட்டிக்கவோ எதிர்மறையாக்கவோ பயன்படும் ஐசிஎல்7660 போன்ற சிப்கள் இயல்பாக 10 கிலோஹெர்ட்ஸ் அருகே துடிப்பவை; சில ஒத்த வகைகளில் முதல் காலை நேர்மின்வாயோடு இணைத்தால் துடிப்பு செவிக்கு அப்பால் ஏறிவிடும். அந்த வசதி இல்லாத வகையைத் தவறுதலாகப் பொருத்திய பெடல் ஊளையிடுவது பணிமேசையில் அடிக்கடி காணும் காட்சி.

ஆம்ப் சுவிட்சருக்கு வருவோம். ஏபிஒய் பெட்டி எனப்படுவது ஒரு கிட்டாரை முதல் ஆம்புக்கோ இரண்டாவதுக்கோ இரண்டுக்கும் சேர்த்தோ அனுப்புவது. ஒவ்வோர் ஆம்பும் தனித்தனியே அமைதியாக இருக்கும்; இரண்டையும் பெட்டியில் செருகியதும் உறுமல் கிளம்பும். இரு ஆம்புகளும் மூன்று பின் பிளக் வழியே எர்த்தோடு இணைந்திருக்க, இரு கேபிள்களின் உலோகப் பின்னல்களும் பெட்டியின் உடலில் சந்திப்பதால் ஒரு மூடிய வளையம் உருவாகிறது. மின்சார வயரிங்கின் காந்தப்புலம் அவ்வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. கிட்டார் கேபிளில் பின்னலே சிக்னலின் திரும்பு பாதையும் ஆதலால், அதில் 10 மில்லிஆம்பியர் ஓடி, பின்னலின் மின்தடை 0.1 ஓமாக இருந்தால், 1 மில்லிவோல்ட் உறுமல் சிக்னலோடு நேரடியாகக் கூட்டப்படும். 100 மில்லிவோல்ட் சிக்னலுக்குப் பக்கத்தில் அது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஓவர்டிரைவில் ஓடும் ஆம்ப் உரத்த சிக்னலை அமுக்கிச் சிறியதை மேலே தூக்குவதால், வாசிப்பு நின்ற இடமெல்லாம் உறுமலே நிரம்பும்.

எர்த் பின்னை உடைத்தோ ஒட்டி மறைத்தோ வளையத்தை அறுக்கும் பழக்கம் பல மேடைகளில் இன்னும் இருக்கிறது. உறுமல் உடனே நின்றுவிடுவதால் அது தீர்வாகவும் தோன்றுகிறது. ஆனால் ஆம்பின் உள்ளே காப்பு ஒன்று பழுதானால் 230 வோல்ட்டும் கிட்டார் தந்திக்கு வந்து சேரும். தந்தியைப் பிடித்துக்கொண்டே எர்த்தான மைக்கில் உதடு படும் பாடகரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972இல் ஸ்வான்சி நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். வளையத்தை அறுக்க வேண்டிய இடம் மின்சாரப் பக்கம் அல்ல, சிக்னல் பக்கம்.

அதற்கான கருவி ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுற்றிய ஒலி மின்மாற்றி. ஓர் ஆம்பின் வழி நேரடியாகவும் மற்றதன் வழி மின்மாற்றி ஊடாகவும் சென்றால், இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாமல் காந்தத் தொடர்பு மட்டுமே மிஞ்சும். பிக்கப்பின் உயர் இம்பீடன்ஸால் மின்மாற்றியை நேரே ஓட்ட முடியாது, முன்னால் பஃபர் ஒன்று கட்டாயம் வேண்டும். மலிவான மின்மாற்றியின் இரும்புக் கரு தாழ்ந்த சுரங்களில் நிறைவுற்று, பேஸ் கிட்டாரின் அடிச்சுரத்தைக் குழப்பிவிடும். அதுவே பக்கத்து அடாப்டரின் காந்தப்புலத்தையும் பிடிக்கக்கூடும். அப்போது பெட்டியை 90 பாகை திருப்பி வைப்பதோ ஓரடி நகர்த்துவதோ போதுமானதாக இருக்கும்.

தனிமைப்படுத்தப்பட்ட ஜாக், பெட்டியின் உலோக உடலையும் தொடக்கூடாது. அதனால்தான் அந்த ஒரு ஜாக் மட்டும் பிளாஸ்டிக் உடலோடு வருகிறது. உடைந்த பிளாஸ்டிக் ஜாக்குக்குப் பதிலாக, உறுதியாக இருக்கட்டும் என்று யாரோ உலோக ஜாக்கைப் பொருத்தி, மின்மாற்றி நன்றாக இருந்தும் உறுமல் திரும்பிய பெட்டிகள் பணிமேசைக்கு வந்ததுண்டு. இரு ஜாக்குகளின் உடல்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்ஜிய ஓம் காட்டி உண்மையைச் சொல்லிவிடும். இதோடு துருவம் என்றொரு சங்கதியும் உண்டு. ஓர் ஆம்பின் பெருக்க நிலைகள் சிக்னலைத் தலைகீழாக்கி மற்றது அவ்வாறு செய்யாவிட்டால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். நல்ல சுவிட்சர்களில் உள்ள 180 பாகை சுவிட்ச் மின்மாற்றியின் இரு முனைகளை இடம் மாற்றுவதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை.

பாப் பிராட்ஷா 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டுடியோக் கலைஞர்களுக்குக் கட்டித் தந்த அமைப்புகள், ஒவ்வொரு பெடலையும் ஒரு லூப்பில் வைத்து, தேவையானதை மட்டும் பாதையில் சேர்க்கும் முறையைப் பரவலாக்கின. இத்தகைய லூப் சுவிட்சர்களின் உயிர் ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச். இங்கே பலரும் எதிர்பாராத ஒரு நுட்பம் இருக்கிறது. பெரிய மின்னோட்டத்துக்கென்று செய்த ரிலேயின் வெள்ளித் தொடுமுனைகளில் நாளடைவில் கறுப்புப் படலம் படியும். மோட்டாரையோ விளக்கையோ இயக்கும்போது எழும் தீப்பொறி அதை எரித்துவிடும். சில பத்து மில்லிவோல்ட் கொண்ட கிட்டார் சிக்னலுக்கு அந்தப் படலத்தைத் துளைக்கும் வலிமை இல்லாததால், கூடுதல் திறன் என்று நம்பி வாங்கிய ரிலே சில மாதங்களில் கரகரக்கத் தொடங்கும். சிறு சிக்னலுக்கென்றே தங்க முலாம் பூசிய தொடுமுனைகளோடு வரும் ரிலேதான் இங்கே பொருந்தும். மின்சாரம் போனால் தானாகவே பைபாஸ் நிலைக்குத் திரும்பும் ரிலேயைத் தேர்ந்தெடுத்தால், மேடையில் அடாப்டர் கழன்றாலும் கிட்டார் ஊமையாகாது. நிலையைப் பிடித்துவைக்கும் லாட்சிங் வகை மின்சாரத்தைச் சேமித்தாலும் இந்த உறுதியைத் தருவதில்லை.

இரைச்சலை அடக்க விற்கப்படும் நாய்ஸ் கேட் பற்றிய எதிர்பார்ப்புகள் அளவுக்கு மீறியவை. சிக்னல் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கினால் அது கதவை மூடும். வாசிப்பு நடக்கும்போது இரைச்சல் முழுமையாக அங்கேயே இருக்கும். 1987இல் வெளிவந்த பாஸ் என்எஸ்-2 பெடலின் சிறப்பு, கதவைக் கட்டுப்படுத்தும் முடிவைக் கிட்டாரின் சுத்தமான சிக்னலிலிருந்து எடுத்து, கதவை மட்டும் டிஸ்டார்ஷன் லூப்புக்குப் பின்னால் வைக்க இடம் தந்தது. இதனால் இரைச்சலையே சிக்னலாக எண்ணிக் கதவு ஏமாறுவதில்லை, நீளும் சுரத்தின் வாலும் வெட்டுப்படுவதில்லை. வளையத்தையும் மின்சப்ளையையும் சரிசெய்யாமல் கேட்டை மட்டும் வாங்குவது வீண்செலவு.

ஒரே ஸ்பீக்கர் பெட்டிக்கு இரு வால்வ் ஆம்புகளை மாற்றிவிடும் சுவிட்சரில் பேச்சு இரைச்சலிலிருந்து பாதுகாப்புக்குத் திரும்புகிறது. வால்வ் ஆம்பின் வெளியேற்ற மின்மாற்றி ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னலோடு ஓடினால், முதன்மைச் சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் வால்வ் சாக்கெட்டில் தீப்பொறியாகத் தாவி, சுருளின் காப்பையே எரித்துவிடக்கூடும். ஆதலால் நல்ல சுவிட்சர் முதலில் உள்ளீட்டை மௌனமாக்கி, அடுத்து ஓர் ஆம்பை ஸ்பீக்கரிலிருந்து எடுத்து அதற்கு ஈடான 8 ஓம் சுமை மின்தடைக்கு மாற்றி, மற்றதை ஸ்பீக்கரோடு இணைத்து, அதன் பின்னரே மௌனத்தை நீக்குகிறது. இரு ஆம்புகளின் வெளிவாயில்களும் ஒரு கணமும் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்பதால் முந்தையது விலகிய பிறகே பிந்தையது சேரும் ரிலேகள் இங்கே பயன்படுகின்றன. அந்த மில்லிவினாடி இடைவெளிக்காகவும், ஸ்பீக்கர் கேபிளை யாரேனும் மறந்துவிடும் இரவுக்காகவும், ஒவ்வோர் ஆம்பின் வெளிவாயிலிலும் 470 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை நிலையாகப் பற்றவைத்துவிடுவது பழுதுபார்ப்பவர்களிடையே பழக்கமாக இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இணையாக அது இழுக்கும் திறன் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.